பல்லிடுக்கில் ஓர் அதிமதுரக் குச்சி

கிரேன் ஏணியின் பாதி உயரத்தில் பருந்தின் தொடைகள் இரண்டும் துவண்டுபோயின. அடுத்த படிக்குக் காலைத் தூக்க முடியவில்லை. கம்பியைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். எவ்வளவு உயரத்துக்கும் அசராமல் ஏறுகிற கிரேன் ஓட்டுநர் என்பதால்தான் கட்டடத் தளத்தில் அவருக்குப் பருந்து என்று பெயர். கீழிருந்து அவருக்கு சிக்னல் கொடுப்பவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். அவர் அண்ணாந்து பார்த்துக் கத்தினார்.

"என்ன மாப்ள, நடுவுல நின்னுட்டீங்க?"

"கால் சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது மச்சான்!"

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினார்கள். முதலுதவி அறையில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், எண் அவ்வளவு எகிறியிருந்ததால் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று இன்னொன்றைக் கொண்டுவந்தாள். அதுவும் அதையே காட்டியது. "உடம்பு சரியானதும் பாக்கலாம்" என்று சொல்லி கிரேன் கேபின் சாவியை வாங்கிக்கொண்டார் சூப்பர்வைசர்.

பருந்துக்கு ஆற்றாமை தாங்கவில்லை. இருபது வயதிலிருந்து ஊதித் தள்ளிய சிகரெட்டை, மகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே தூக்கி எறிந்தவர் அவர். வாய் நமநமக்கும்போதெல்லாம் அதிமதுரக் குச்சியைக் கடித்து மென்றே ஜெயித்திருந்தார். மனைவியும் தன் பங்குக்கு அதைத் தட்டிப் போட்டுத்தான் டீ கொடுத்தாள்.

"கெட்ட பழக்கம் இருந்தவரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்தேன். விட்ட பிறகா எனக்கு நோய் வரணும்?" என்று அவளிடம் பொருமினார்.

ஆஸ்பத்திரியில் மாத்திரைகளை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தம் இறங்கவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்துகொண்டே போனது. சிறுநீரகத்தின் மேலே இருக்கும் சுரப்பியில் கட்டி இருக்கலாம், அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம் என்று சந்தேகப்பட்டு ஹார்மோன் டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அந்த அம்மாள் பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"விசித்திரமா இருக்கே. உப்பைப் பிடிச்சு வைக்கச் சொல்ற ஹார்மோன் உங்களுக்கு ரொம்பக் கம்மியா இருக்கு. ஆனா உடம்பு, அது பொங்கி வழியற மாதிரி நடந்துக்குது. கட்டியும் இல்ல."

பருந்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. ஒரு குச்சி பல்லிடுக்கில் ஏறியது. டாக்டர் நிமிர்ந்தார்.

"வாயில என்ன அது?"

"அதிமதுரம்மா. சிகரெட்டை விட்டுட்டேன்ல, அதுக்குப் பதிலா." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"எவ்வளவு மெல்லுவீங்க?"

கூட வந்திருந்த மனைவி முந்திக்கொண்டாள். "தூங்கறப்போ மட்டும் மெல்ல மாட்டார் டாக்டர்."

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தேவிட்டார். "இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா! நம்ம உடம்புல கார்டிசால்னு இன்னொரு ஹார்மோன் இருக்கு. அது சிறுநீரகத்துல புகுந்து உப்பைப் பிடிச்சு வைக்காம இருக்க ஒரு காவல்காரன் உண்டு. அதிமதுரம் அந்தக் காவல்காரனைத் தூங்க வெச்சிடுது. அப்புறம் உப்பு தங்கும், பொட்டாசியம் ஓடிடும், கால் துவளும். குச்சியை விடுங்க, சரியாகும்னு நினைக்கறேன்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அடுக்களை டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். சோம்பு, கிராம்பு, பட்டை, புதினா எல்லாமே அவளுக்குச் சந்தேகக் கேஸாகத் தெரிந்தன. டாக்டருக்கே போன் போட்டாள்.

"குழம்புக்குப் போடற அளவுக்கெல்லாம் பயப்பட வேண்டாம்மா. நாள் முழுக்க மென்னா, அது மருந்துக் கணக்குல சேந்துடும். அதுதான் விஷயம்."

குச்சிகள் குப்பைக்குப் போயின. உண்மையான சண்டை அதன் பிறகுதான் தொடங்கியது. வாய் வெறுமையாகிவிட்டது. ஒரு சாயங்காலம் கால் தானாகப் பெட்டிக்கடைக்கு இழுத்துப் போக, சிகரெட் உதட்டுக்கே வந்துவிட்டது. கடைக்காரர் தீப்பெட்டியை நீட்டினார். பருந்து ஒரு கணம் அதையே பார்த்தார். பிறகு சிகரெட்டை இரண்டாகக் கிள்ளி எறிந்துவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார்.

மனைவி திரைச்சீலை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷின் முன்னால் இருந்தாள்.

"எனக்கும் ஒரு ஊசி குடு" என்றார்.

"உங்களுக்கா?"

"கைக்கு ஏதாவது வேலை வேணும். இல்லேன்னா தோத்துடுவேன்."

அன்றிலிருந்து ஓரம் மடித்துத் தைத்தார். கோணல் மாணலாகத்தான் வந்தது. அவர் தைத்ததை எல்லாம் மறுநாள் அவருக்குத் தெரியாமல் அவள் பிரித்தாள். அவருக்குத் தெரிந்தேதான் இருந்தது. இருந்தும் சாயங்காலம் மறுபடி ஊசியை எடுத்தார்.

ரத்த அழுத்தம் படிப்படியாக இறங்கியது. பொட்டாசியம் ஏறியது. ஒரு காலையில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்தார். வேண்டுமென்றே மறுபடி உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கம்பெனி டாக்டர் குந்தி எழச் சொன்னபோது, போதும் போதும் என்கிறவரை எழுந்து காட்டினார். சூப்பர்வைசர் தன் கையாலேயே சாவியைக் கொடுத்தார்.

கட்டடத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டியை ஏற்ற வேண்டிய நாள் அது. வேலிக்கு வெளியே மனைவி நின்றாள். பக்கத்தில் மகள், வயிற்றில் கை வைத்தபடி. பருந்து ஏணியைப் பிடித்தார். எங்கும் நிற்காமல், கீழே பார்க்காமல் ஏறினார். கேபின் கதவு சாத்தப்பட்டது.

தொட்டி தரையைவிட்டுக் கிளம்பியது. காற்றில் லேசாக ஆடி, அடங்கி, மாடி மாடியாக மேலே போய், மொட்டைமாடியில் நின்ற மச்சானின் கையசைவுக்கு ஏற்ப, தூங்கும் பிள்ளையைக் கிடத்துவதுபோல் தன் இடத்தில் உட்கார்ந்தது. தளம் முழுக்க விசில் பறந்தது. மகள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டினாள்.

வாக்கி-டாக்கியில் மச்சானின் குரல் கரகரத்தது. "மாப்ள, பிரமாதம்! கால் எப்படி இருக்கு?"

"காலை விடுங்க மச்சான்," என்றார் பருந்து. "தூக்கறதுக்கு இன்னும் என்ன இருக்கு? எல்லாத்தையும் அனுப்புங்க!"