ஊருக்குச் சொன்ன வயிற்றுவலி

"இன்னொரு வாளி வெந்நீர் குடும்மா" என்று திரைக்கு அப்பாலிருந்து மகன் மொஹ்சின் கேட்டான். பின்கட்டில் அவனும் பள்ளிவாசல் ஆட்களும் இறந்துபோன ஹபீப் முகம்மதுவின் மய்யித்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி வஜீதா வாளிக்குள் கைவிட்டுப் பார்த்தாள். சூடு ஜாஸ்தியாக இருந்தது. பச்சைத் தண்ணீர் கலந்து அனுப்பினாள்.

சென்னை ஆஸ்பத்திரியிலும் அவருக்கு வெந்நீர்தான். மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு, குழாய் வழியாக மூத்திரப்பைக்குள் சூடான நீரை ஓடவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத உறைகளுக்குள் மருந்து இருக்கிறது, சூடு கண்ட இடத்தில்தான் உறை உடையும், மற்ற உறுப்புகளுக்குக் கெடுதல் கம்மி என்றார் டாக்டர். இன்னும் சோதனையில் இருக்கிற வைத்தியம். "கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றும் சொன்னார்.

சிறுநீரில் ரத்தம் போனதை ஹபீப் ஒரு வருஷம் மறைத்தார். தெரிந்த பிறகும், "யார்கிட்டயும் சொல்லாதீங்க, அசிங்கம்" என்றவள் வஜீதா. ஊருக்கு அது வயிற்றுவலி.

பெண்கள் நிறைந்த அறையில் காசியம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் புருஷன் இருசப்பனும் ஹபீப்பும் ஒரே பட்டறையில் லாரிக்குப் பெயின்ட் அடித்தவர்கள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுக்கா. பாய்க்கு என்ன நோவு?"

"வயித்துவலின்னு சொன்னேனே."

காசியம்மாள் முந்தானையைத் திருகினாள். குரல் இறங்கியது. "எங்க வூட்டுக்காரருக்கு ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது. வலியே இல்லன்றாரு. டாக்டர்கிட்ட போலாம்னா, வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்றாரு."

வஜீதா நிமிர்ந்தாள். எதிரே ஹபீப்பின் தங்கை மெஹ்விஷ் தஸ்பீஹ் மணிகளை உருட்டிக்கொண்டிருந்தாள். வஜீதா மெதுவாகச் சொல்ல நினைத்தாள். குரல் மெதுவாக வரவில்லை.

"வயித்துவலி இல்ல காசி. மூத்திரப்பைல கேன்சர். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாங்க மறச்சிட்டோம். நீ நாளைக்கே கூட்டிட்டுப் போ."

திரைக்குப் பின்னால் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றது.

"எங்கிட்டயும் வயிறுன்னுதான் சொன்னீங்க, பாபி" என்றாள் மெஹ்விஷ்.

வஜீதாவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

காசியம்மாள் எழுந்து போனாள். சன்னல் வழியே தெரு தெரிந்தது. ஜனாசா ஊர்வலத்துக்காகக் காத்திருந்த ஆண்களின் நடுவிலிருந்து இருசப்பனைத் தனியே அழைத்து அவள் ஏதோ சொன்னாள். அவன் யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தான். பிறகு பெயின்ட் படிந்த கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் சொல்வதைக் குனிந்து கேட்டான்.