டாக்டர் ஷௌகத்தின் குப்பைத்தொட்டி

டாக்டர் ஷௌகத்துக்கு வைத்தியம் தெரியாது. லிஃப்டைப் பற்றியும் பெரிதாக ஒன்றும் தெரியாது. அலெக்ஸாண்டிரியாவில் நூற்று நாற்பது கட்டடங்களின் லிஃப்டுகளைப் பராமரிக்கும் கம்பெனியை மாமனார் கொடுத்தார். டாக்டர் பட்டத்தை ஏதோ ஒரு தீவிலிருந்து தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றிலிருந்து அவரை டாக்டர் என்று கூப்பிடாதவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் இப்போது வேறு கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். மூன்றாவது அவருடைய மனைவி.

நவம்பர் முதல் வாரம் கெய்ரோவில் ஒரு மாநாட்டுக்குப் போய்வந்த டாக்டர், கழுத்தில் தொங்கிய அட்டையைக்கூடக் கழற்றாமல் அறிவித்தார்: கம்பெனிக்கு செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வரப்போகிறது. ஆபீஸ் கோப்புகள் எல்லாம் ஏற்கெனவே கிளவுடில்தான் கிடந்தன. அந்தக் கிடங்கின் கதவை இந்த உதவியாளருக்குத் திறந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலை வக்தியின் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வருடமாக அங்கே கம்ப்யூட்டர் ஆள் அவன்தான். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் வக்தி, டாக்டர் பாஸ்வேர்டை மறந்தாலும் வக்தி.

"டாக்டர், ஒவ்வொருத்தரும் அவங்கவங்க அக்கவுன்ட்ல இணைக்கணும். அப்பதான் அவங்க பாக்க வேண்டியதை மட்டும் அது எடுத்துக் குடுக்கும்."

"ஒவ்வொருத்தருமா? ஆளுக்கொரு டோக்கன் குடுக்க இது என்ன ரேஷன் ரொட்டிக் கடையா? கம்பெனிக்கு ஒரே தலை. என் அக்கவுன்ட்ல இணை. எல்லாரும் அது வழியாவே கேக்கட்டும்."

"அப்ப யார் கேட்டாலும் அது உங்க கண்ணாலதான் பாக்கும், டாக்டர்."

டாக்டரின் முகம் மலர்ந்துவிட்டது. "இப்பதான்டா உருப்படியா ஒன்னு சொன்ன."

விழா நடந்தது. மேகம் போல நீலக் கிரீம் வைத்த கேக் வந்தது. லேப்டாப்புக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, கத்தரிக்கோலால் வெட்டினார்கள். திரையில் கேள்வி வந்தது: உங்கள் கோப்புகள் அனைத்தையும் பார்க்கவும் படிக்கவும் அனுமதிக்கிறீர்களா? டாக்டர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நாடு பிரிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவர் போல ஒரே விரலால் அழுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"கூப்பிட்ட குரலுக்கு வருது, மூஞ்சியச் சுளிக்கல, லீவு கேக்கல. இது அந்தக் காலத்து ஆபீஸ் குமாஸ்தா எஃபெந்திதான்" என்றாள் மதாம் இன்ஸாஃப். முப்பது வருடமாகக் கோப்பறையைக் கட்டிக் காப்பவள். அன்றிலிருந்து அதற்கு எஃபெந்தி என்றே பெயர் விழுந்தது. டாக்டர் வைத்த பெயர் பெரியது, அது கேக்கோடு போயிற்று.

வக்தி மட்டும் கேக் சாப்பிடவில்லை. அவன் வீட்டில் ஆகஸ்டிலிருந்து யாருக்கும் இனிப்பு இறங்குவதில்லை.

ஆகஸ்டில், கடற்கரையை ஒட்டிய அஸாஃப்ராவில், ஜவ்ஹரா டவரின் லிஃப்ட் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்தது. தந்தா ஊரிலிருந்து கோடைக்கு வந்திருந்த ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். தகப்பன் பிழைத்துக்கொண்டான். கையில் பெரிய தர்பூசணி இருந்ததால், உள்ளே இடம் போதாது என்று படியில் ஏறியிருக்கிறான். அந்த லிஃப்டைப் பார்த்துக்கொண்டது மெக்கானிக் உஸ்தா பயூமி. வக்தியின் தங்கை அவாதிஃபின் புருஷன். போலீஸ் அவனைத்தான் பிடித்துக்கொண்டு போயிற்று. கயிறு அறுந்துவருகிறது என்று மூன்று தடவை கையால் எழுதி, போட்டோ பிடித்து, டாக்டரின் போனுக்கே அனுப்பினேன் என்று பயூமி தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். அவன் போன், குழிக்குள் இறங்கிப் பிள்ளைகளைத் தூக்கும்போது சட்டைப்பையிலிருந்து விழுந்து நசுங்கிப்போயிற்று. அப்படி எதுவும் வரவே இல்லை என்றார் டாக்டர். அவருடைய போனில் அப்போது எதுவும் இல்லைதான், முன்னாலேயே சுத்தமாக அழித்திருந்தார்.

கோர்ட் கேட்டதற்கு, கம்பெனிக் கோப்புகளில் அப்படி ஒரு எச்சரிக்கை இல்லை என்று செப்டம்பரில் சான்று கொடுத்தது வக்தி. பொதுக் கோப்புகளைத் தேடினான், மெயிலைத் தேடினான், கிடைக்கவில்லை. "தேடியதில் கிடைக்கவில்லை" என்று எழுதியிருந்தான். டாக்டரின் வக்கீல் அதை "அனைத்தையும் தேடினேன், இல்லை" என்று திருத்தினார். வக்தி கையெழுத்துப் போட்டான். தங்கை கத்தியபோது, "இருந்தா எடுத்துக் குடுக்க மாட்டேனா?" என்று அவனும் பதிலுக்குக் கத்தினான். அன்றைக்கு அதை அவன் நம்பித்தான் சொன்னான்.

விழா முடிந்த மூன்றாம் நாள், மதாம் இன்ஸாஃப் எஃபெந்தியிடம் ஒரு சின்னக் கேள்வி கேட்டாள். ஜவ்ஹரா டவர் பராமரிப்பு ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது? எஃபெந்தி தேதியைச் சொன்னது. அதோடு விடவில்லை.

"வக்தி, இங்க வா. இதைப் பாரு. பாத்துட்டு, நான் பாக்கலன்னு வெச்சுக்கோ."

திரையில் மரியாதையாக எழுதியிருந்தது: இந்த லிஃப்ட் தொடர்பாக மேலும் மூன்று ஆவணங்களைக் கண்டேன், அவை உங்களுக்குப் பயன்படலாம். ஜூன் பதினான்கு, ஜூலை மூன்று, ஜூலை இருபத்தொன்பது. மூன்றும் போட்டோ. மூன்றிலும் பயூமியின் கோணல் கையெழுத்து. இழைகள் அறுந்திருக்கின்றன, பிரேக் பிடிக்கவில்லை, லிஃப்டை நிறுத்த வேண்டும். கடைசிப் படத்தின் குறுக்கே, மந்திரி பச்சை மையில் எழுதுவது போல, டாக்டர் விரலால் பச்சையில் கிறுக்கியிருந்தார்: சீசன் முடியட்டும்.

எங்கிருந்து வந்தது இது? வக்தி படங்கள் கிடந்த இடத்தைத் திறந்து பார்த்தான். மூன்று வருடம் முன்னால் டாக்டர் அவனிடம் போனை நீட்டி, பெரிய மனிதர்களோடு எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட அழியக் கூடாது என்றார். போனில் விழும் படமெல்லாம் தானாகக் கிளவுடில் போய்ச் சேரும்படி செய்து கொடுத்தது வக்தியேதான். செய்ததை இருவரும் மறந்துபோனார்கள். அங்கே நாலாயிரத்துச் சொச்சம் ஷௌகத்துகள் பல்லைக் காட்டிக்கொண்டிருக்க, நடுவில் பயூமியின் மூன்று தாள்கள் கிடந்தன.

"பிரிண்ட் எடு" என்றாள் மதாம் இன்ஸாஃப், வாசலைப் பார்த்தபடி.

அதைச் செய்திருக்கலாம். தன் போனால் திரையைப் படம் பிடித்திருக்கலாம். ஆனால் வக்தி தொழில் தெரிந்தவன். கோர்ட்டுக்குப் போகிற காகிதம் ஒழுங்காக இருக்க வேண்டாமா? மூன்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பாகத் தொகுத்துக் கொடு என்று எஃபெந்தியிடம் கேட்டான்.

ஏழு வினாடி ஆயிற்று. "தொகுத்துவிட்டேன். கோப்பை உங்கள் கிடங்கில் வைத்திருக்கிறேன். உங்கள் போனுக்கும் தகவல் அனுப்பியுள்ளேன், டாக்டர் ஷௌகத்."

மேல் மாடியில் ஒரு போன் டிங் என்றது.

மதாம் இன்ஸாஃப் எழுந்து டீ போடப் போய்விட்டாள். வக்தி பார்த்துக்கொண்டே இருந்தான். திரையில் ஜூன் போயிற்று. ஜூலை போயிற்று. பச்சையில் எழுதியதும் போயிற்று. கடைசியில் அவன் அழகாகத் தொகுக்கச் சொன்ன கோப்பும் போயிற்று. பிறகு மேலேயிருந்து அழைப்பு வந்தது.

டாக்டர் கத்தவில்லை. "உக்காரு வக்தி" என்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்த நாற்காலியில் வக்தி உட்கார்ந்தது அன்றுதான். பாதாம் வைத்த ரவை இனிப்பு, பஸ்பூஸா, ஒரு துண்டு அவன் பக்கம் நகர்ந்தது.

"கோர்ட்டுக்குச் சான்று குடுத்தது யாரு?"

"நான்தான், டாக்டர்."

"எல்லாத்தையும் தேடினேன், இல்லைன்னு எழுதின. இப்ப பாத்தா இருந்திருக்கு. எனக்குக் கவலையே உன்னைப் பத்திதான்டா. பயூமி நிக்கிற கூண்டு இருக்கே, அதுல இன்னும் ஒரு ஆளுக்குத் தாராளமா இடம் இருக்கு."

வக்தி பஸ்பூஸாவையே பார்த்தான்.

"நல்லவேளை, நான் அழிச்சிட்டேன். உனக்காகத்தான். சாப்பிடு." பிறகு, திடீரென்று ஞாபகம் வந்தவர் போல, "உன்னை டிஜிட்டல் மாற்றத் துறை இயக்குநரா போடப்போறேன். கதவுல பலகை மாட்டச் சொல்லியிருக்கேன். பித்தளையில."

அந்தத் துறையில் வக்தியைத் தவிர ஆள் கிடையாது.

அவன் படியில் இறங்கி வந்தான். அந்த ஆபீஸில் லிஃப்ட் உண்டு, ஆபீஸ்காரர்கள் யாரும் ஏறமாட்டார்கள். பாதிப் படியில்தான் அவனுக்கு உறைத்தது. கிளவுடில் அழித்தது அழிந்துபோவதில்லை. குப்பைத்தொட்டிக்குப் போய் முப்பது நாள் கிடக்கும். டாக்டருக்கு அப்படி ஒரு தொட்டி இருப்பதே தெரியாது. தன்னுடைய எதுவும் குப்பைக்குப் போகும் என்று அவர் நினைத்துப் பார்த்தவரில்லை.

பாஸ்வேர்டு வக்தியிடம் இருந்தது. திறந்தான். நான்கும் அங்கே வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் சின்ன எழுத்தில்: டிசம்பர் ஒன்பதாம் தேதி நிரந்தரமாக நீக்கப்படும். ஒரே ஒரு பொத்தான். மீட்டெடு.

அழுத்தினால் டாக்டருக்கு யார் என்று தெரியும். தெரிந்தால் செப்டம்பர் கையெழுத்து வெளியே வரும். அழுத்தாவிட்டால் பயூமி உள்ளே. நாளைக்கு யோசிக்கலாம் என்று மூடினான்.

வெள்ளிக்கிழமை சிறைக்குப் போனார்கள். அவாதிஃப் முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்து மஹ்ஷி சுற்றி எடுத்து வந்திருந்தாள். காவலாளி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, பிரித்தபடியே உள்ளே அனுப்பினான்.

"பச்சையில எழுதி அனுப்பினாரு, மச்சான்" என்றான் பயூமி, கம்பி வலைக்குப் பின்னால். இளைத்துப்போயிருந்தான். "சத்தியமா. எங்கயாவது இருக்கும். நீங்க கம்ப்யூட்டர்காரரு, உங்களுக்குத் தெரியாததா?"

"தேடிட்டுதான் இருக்கேன், மாப்ள."

"என் கையெழுத்து கோணலாதான் இருக்கும். ஆனா படிக்கலாம்."

"படிக்கலாம்" என்றான் வக்தி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பயூமி கவனிக்கவில்லை, வலையின் ஓட்டை வழியாக மனைவியின் விரலைத் தொட முயன்றுகொண்டிருந்தான்.

தொட்டி விஷயத்தை வக்தி மதாம் இன்ஸாஃபிடம் மட்டும் சொல்லியிருந்தான். ஆபீஸில் அவள் தினமும் காலையில் டீக் கிளாஸை அவன் மேஜையில் வைக்கும்போது ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எத்தனை நாள் இருக்கு?"

"பத்தொம்பது."

மறுநாள், "பதினெட்டு."

ஒரு நாள் அவனுக்கு எரிச்சல் வந்துவிட்டது. "நீங்களே எடுங்களேன் மதாம். பாஸ்வேர்டு தரேன்."

"எனக்குப் பென்ஷனுக்குப் பதினாலு மாசம்டா தம்பி. அது எத்தனை நாளுன்னு நீயே கணக்குப் போட்டுக்கோ." போகிற போக்கில் திரும்பினாள். "அதோட, பயூமி என் தங்கச்சி புருஷன் இல்ல."

டிசம்பர் பிறந்தது. கடல் ரோட்டின் மேல் அலை ஏறியது. மழையில் தெருவெல்லாம் குளமாயிற்று. கோர்ட் கடைசியாக ஒரு சான்று கேட்டது. டாக்டருக்கு ஒரு யோசனை வந்தது. "மனுஷன் சொன்னா சந்தேகப்படுவாங்க. எஃபெந்திகிட்டயே கேப்போம். அது சொல்றதைப் பிரிண்ட் எடுத்து, நீ கீழ கையெழுத்துப் போடு. பத்தாம் தேதி வக்கீலுக்கு வேணும்." அவரும் எஃபெந்தி என்று சொல்லப் பழகியிருந்தார்.

ஒன்பதாம் தேதி காலை வக்தி தொட்டியைத் திறந்தான். இன்று நீக்கப்படும் என்றிருந்தது. அம்புக்குறியைப் பொத்தான் மேல் கொண்டுபோய் வைத்தான். விரலும் மேலே இருந்தது. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தானோ தெரியாது, கதவை யாரோ தட்டினார்கள். பலகை மாட்டும் தச்சன்.

"டைரக்டர் பாஷா, கொஞ்சம் எந்திரிச்சு நிக்கிறீங்களா? கதவைத் திறந்து வெச்சாதான் ஆணி அடிக்க முடியும். நாற்காலி இடிக்குது."

வக்தி எழுந்தான்.

நான்கு ஆணி. தச்சன் போன பிறகும் அவன் உட்காரவில்லை. ஜன்னலருகே நின்றான். பிரிண்டரில் காகிதம் சிக்கியிருப்பதாகக் கணக்குப் பிரிவில் சொன்னார்கள், போய் எடுத்துக் கொடுத்தான். மத்தியானம் அவித்த பயறு வைத்த ஃபூல் சாண்ட்விச் வாங்கி, பாதியை மழையில் நின்ற பூனைக்குப் போட்டான். சாயங்காலம் மேஜைக்குப் போகாமல் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினான்.

பத்தாம் தேதி காலை மதாம் இன்ஸாஃப் டீயை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

தொட்டியைத் திறந்தான். குப்பைத்தொட்டி காலியாக உள்ளது என்று எழுதி, பக்கத்தில் சிரித்த முகமுள்ள ஒரு பலூன் படம் போட்டிருந்தார்கள்.

பிறகு எஃபெந்தியிடம் கேட்டான். பயூமி என்பவர் ஜவ்ஹரா டவர் லிஃப்ட் குறித்து அனுப்பிய எச்சரிக்கை ஏதாவது நம் கோப்புகளில் உள்ளதா?

"எனக்கு எட்டிய கோப்புகள் அனைத்தையும் தேடினேன். அப்படி எதுவும் இல்லை. வேறு ஏதாவது உதவி வேண்டுமா, டாக்டர் ஷௌகத்?"

பிரிண்ட் எடுத்தான். காகிதம் சிக்காமல் வந்தது. கீழே கையெழுத்துப் போட்டான். செப்டம்பரில் போட்ட கையெழுத்தில் கொஞ்சம் பொய் இருந்தது. இதில் தேடிப் பார்த்தாலும் ஒரு சொல் பொய் கிடைக்காது.

பயூமிக்கு ஏழு வருடம். தீர்ப்பைப் படித்து முடிக்கிற வரையில் கூண்டின் கம்பியைப் பிடித்தபடி வக்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டிக்கொண்டு போகும்போது நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தான். உங்களால் ஆனதைச் செய்தீர்கள் என்று அர்த்தம்.

கோர்ட்டின் நான்காம் மாடித் தாழ்வாரத்தில் அவாதிஃப் நடையை நிறுத்தினாள். லிஃப்ட் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அழுது அழுது எனக்குத் தெம்பே இல்லண்ணே. இதுலயே போயிடலாம்."

"படியில போலாம், வா."

லிஃப்ட் வந்து திறந்தது. உள்ளே கண்ணாடிக்குப் பக்கத்தில் கம்பெனியின் பராமரிப்பு அட்டை தொங்கியது. சரிபார்க்கப்பட்டது என்ற இடத்தில், போன ஜூலை வரைக்கும், மாதாமாதம் அதே கோணல் கையெழுத்து.

அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

"அவர் கையெழுத்து இருக்குண்ணே. பயப்படாம ஏறு."

வக்தி படியில் இறங்கினான்.