கயிற்றை விட்டால் என்ன ஆகும்

சிஹெமின் கையில் கல்யாண மருதாணி மங்கத் தொடங்கியிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. ஸ்ஃபாக்ஸ் துறைமுக நகரத்தில் காலையிலிருந்தே மழை. மாமியார் கீழ்வீட்டில் மதியத் தூக்கம் போட்டிருந்தார். மாடியில் கணவன் வஜ்தி, துறைமுக அலுவலக நண்பர்கள் கல்யாணப் பரிசாகத் தந்த கேம் பெட்டியை ஒருவழியாக டிவியில் பொருத்தினான்.

பெட்டியைத் தந்த நண்பர்களுக்கு ஆட்டம் வாங்கித் தரத் தோன்றவில்லை. அதனால் இலவசமாகக் கிடைத்த டெமோக்களை, ஆட்டங்களின் மாதிரித் துண்டுகளை, ஒவ்வொன்றாக இறக்கி ஆடினார்கள்.

கார் பந்தயத்தில் வஜ்தி சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்தினான். சிஹெம் சூரியகாந்தி விதை கொறிப்பதை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள்.

"எதுக்கு நின்னே?"

"சிவப்பு போட்டிருக்கான்ல."

"இது பந்தயம்ப்பா."

பேய் வீட்டு டெமோவில் அவன் ஒவ்வொரு அலமாரியையும் திறந்து பார்த்து, திரும்பச் சாத்திவிட்டுத்தான் நகர்ந்தான். பேய் வருவதற்குள் டெமோ முடிந்துவிட்டது. வீட்டிலும் இவன் இப்படித்தான், கேஸை மூடிவிட்டு மறுபடி போய்ப் பார்க்கிற ஆள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கூடவே வாழ்கிற மனிதனை இன்றுதான் சரியாகப் பார்ப்பது போலிருந்தது.

மூன்றாவது, இருவர் ஆடும் மலையேற்றம். ஒருவர் கயிற்றைப் பிடிக்க, மற்றவர் ஏறவேண்டும். வஜ்தி பாதி மலை ஏறியதும் சிஹெம் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அவனுடைய ஆள் பனிக்குள் உருண்டு மறைந்தான்.

"ஏன் விட்டே?"

"விட்டா என்ன ஆகும்னு பாக்கத்தான்."

"கீழ விழுவேன். வேற என்ன ஆகும்?"

"இரு, வரேன்." மேலே போகவேண்டியவள் பள்ளத்தில் இறங்கினாள். அங்கே அவன் ஒரு குகை வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். பாதையில் காட்டப்படாத குகை. உள்ளே ஒரு நீலக் கதவு. இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். கதவு லேசாக அசைந்ததும் திரை கறுத்தது. முழு ஆட்டத்தை வாங்கச் சொல்லி எழுத்து வந்தது.

"பாத்தியா? நான் விடலைன்னா இந்தக் கதவே தெரிஞ்சிருக்காது."

வஜ்தி சிரித்தான். பிறகு, "முடிவு தெரியாத எதையும் தொடவே எனக்குப் பயம்" என்றான்.

"கல்யாணம் மட்டும் பண்ணிக்கிட்டே?"

அவன் விதைத் தோல்களைத் தட்டில் ஒதுக்கினான்.

"பொண்ணு பாக்க வந்தப்போ ஒண்ணு கேட்டே, ஞாபகம் இருக்கா? உங்க வீட்டு மாடியில கடல் தெரியுமான்னு."

"தெரியாதுன்னு சொன்னே."

"சொல்லிட்டு வந்து தண்ணித் தொட்டி மேல ஏறிப் பாத்தேன். பொறந்ததுலேருந்து இதே வீடு, ஒரு நாளும் ஏறினதில்ல. தெரியுது, கொஞ்சூண்டு. இவ இன்னும் என்னெல்லாம் கேப்பாளோன்னு இருந்துச்சு. மறுநாள் காலையிலேயே அம்மாகிட்ட சரின்னுட்டேன்."

சிஹெம் எழுந்துவிட்டாள். "இத்தனை நாளா ஏன் சொல்லல? வா, போலாம்."

"மழை."

"விட்டுருச்சு."

மொட்டைமாடியில் தொட்டி வழுக்கியது. அவன் முதலில் ஏறி, கை கொடுத்துத் தூக்கிவிட்டான். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, ஒரு துறைமுகக் கிரேனுக்குப் பின்னால், சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது.

"அது கடலா, வானமா?"

"அன்னிக்கு வெயில். நீலமா இருந்துச்சு. இன்னிக்குச் சொல்லத் தெரியல."

கீழே முற்றத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "தொட்டி மேல யாரு?"

"நாங்கதான் அத்தை. கடல் தெரியுதான்னு பாக்கறோம்."

பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"தெரியுதா?" என்று கேட்டார், மூச்சு வாங்க.