கடைசியாக வருகிறவர் கையில்

லாரி நிற்கக்கூட இல்லை. மெதுவாக உருண்டபடியே டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்ட, அவள் கூடவே நாலு எட்டு ஓடிக் கம்பை வாங்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்து அண்ணன் தீப்பெட்டி கேட்டாரு கொடியக்கா. நீங்க குடுத்தனுப்பின தைலம் நல்லா கேக்குதாம். கழுத்து இப்ப ரெண்டு பக்கமும் திரும்புதுன்னு சொல்லச் சொன்னாரு."

"திரும்புதுல்ல, அப்ப ரெண்டு பக்கமும் பாத்து வண்டிய விடச் சொல்லுங்க" என்றாள் அவள். லாரிக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எதிர்முனையில் அவளைப்போலவே கொடி பிடிக்கிற அந்த அண்ணனை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. அவருக்குக் கழுத்து வலி வரும், பீடி உண்டு, தீப்பெட்டியை மட்டும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுவார் என்பதெல்லாம் தெரியும். எல்லாம் வழிப்போக்கர் வாயால் வந்த சேதிதான்.

மலையை ஒட்டிய அந்தச் சாலையில் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தின் பக்கம் தடுப்புச்சுவர் எழுப்புகிற வேலை. மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். நடுவில் வளைவுக்குமேல் வளைவு. இந்த முனையில் நிற்கிறவர் கண்ணுக்கு அந்த முனை தெரியாது. போன் இந்த முனையில் எடுக்கும், உள்ளே போனால் சுத்தமாக எடுக்காது, அந்த முனையிலும் அப்படித்தான். முதலில் ஆளுக்கொரு வாக்கிடாக்கி கொடுத்துப் பார்த்தார்கள். அது பேசியதைவிட இருமியதுதான் அதிகம். அப்புறம் மேஸ்திரி உடைந்த மண்வெட்டிக் காம்பு ஒன்றை எடுத்து, நுனியில் சிவப்புத் துணியைச் சுற்றிக் கட்டி, இதுதான் இனிமேல் என்று சொல்லிவிட்டார். கம்பு ஒன்றே ஒன்று. அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வண்டிகளை விடலாம். விட்டு முடித்ததும் கடைசி வண்டியிடம் கம்பைக் கொடுத்தனுப்ப வேண்டும். எதிர்முனையில் கம்பு வந்து சேர்ந்தால் பாதை காலி. வரவில்லை என்றால் உள்ளே யாரோ இருக்கிறார்கள். அவ்வளவுதான் சட்டம்.

வேலைக்கு வந்த புதிதில் அவளுக்கு இதில் துளி நம்பிக்கை கிடையாது. முன்னே பின்னே தெரியாத ஆளிடம் கட்டையைக் கொடுத்தால் போகிற வழியில் வீசிவிட்டுப் போகமாட்டானா? அவனுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் கம்பு வந்துகொண்டே இருந்தது. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காத புதுக் கார்க்காரர் ஒருவர், மண் ஒட்டிய அந்தக் கம்பைப் பின்சீட்டில் குழந்தையைப்போலப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஊரே கேட்கிற மாதிரி சண்டை போட்டுக்கொண்டு வந்து, சண்டையை நிறுத்தாமலே கம்பை நீட்டிவிட்டுப் போனார்கள். ஒருநாள் போலீஸ் ஜீப் வந்தது. அதில் கைவிலங்கு போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான்; கம்பு அவன் மடியில்தான் இருந்தது. விலங்கு கையோடு, இரண்டு கையாலும் சேர்த்து எடுத்துப் பத்திரமாகக் கொடுத்தான். யார் பெற்ற பிள்ளையோ, என்ன செய்தானோ! அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதும் அவளுக்கு அதே நினைப்புத்தான். மகளிடம் சொன்னாள். மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "கட்டைய குடுத்ததுக்குப் போய் இவ்வளவு சொல்றியேம்மா" என்றாள்.

அந்த மகள்தான் இன்றைக்கு வரிசையின் முதல் வண்டியில், வாடகை வேனில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் படிப்புக்கான நுழைவுப் பரீட்சை. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். நேரம் தவறினால் கேட்டை மூடிவிடுவார்கள், அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் திறக்கமாட்டார்கள், அடுத்த வருஷம்தான். வருஷம் முழுக்க அந்தப் பெண் படித்த படிப்பைப் பார்த்தவள் அம்மா. வெள்ளை உடுப்பில் மகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நடக்கிற காட்சியை, வெயிலில் கொடியோடு நிற்கும்போதெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வாள்.

லாரிக்காரர் கொண்டுவந்த கம்பை இந்தப் பக்கத்து வரிசையின் கடைசி வண்டியிடம் கொடுத்து அனுப்பிய கொஞ்ச நேரத்தில்தான் மகளின் வேன் வந்து நின்றது. ஒரு சிகரெட் பிடிக்கிற நேரம் முன்னால் வந்திருந்தால் போயே போயிருக்கும்.

"எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்று மகள் கேட்டாள்.

"அவங்க வண்டியெல்லாம் வரணும் கண்ணு. வந்த உடனே நீதான் மொதல்ல."

வந்தன. ஒரு பால்வண்டி, சில பைக்குகள், மூட்டை ஏற்றிய ஆட்டோ. ஒவ்வொன்றாக நிறுத்தி "கம்பு?" என்று கேட்டாள். "பின்னாடி பஸ்ல வருதுக்கா" என்றார் ஆட்டோக்காரர். அதோடு சரி. பஸ் வரவில்லை. வளைவு காலியாகக் கிடந்தது. அவள் எட்டிப் பார்த்தாள், காதைத் தீட்டிக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. இந்தப் பக்கம் வரிசை நீண்டுகொண்டே போனது, ஆரன் சத்தம் மலையில் மோதித் திரும்பியது.

வெள்ளைக் காரிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். நல்ல தொந்தி, பளபளவென்று செருப்பு. வேன் டிரைவர் அவருக்கு அதற்குள் கார் முதலாளி என்று பேர் வைத்துவிட்டார்.

"என்னம்மா, என்ன பிரச்சினை? ஒரே ஒரு பஸ்தானே? எங்கேயாவது டயர் பஞ்சராகி நின்னிருக்கும். ஓரமா ஒதுங்கிப் போய்க்கறோம், விடு."

"கம்பு வரல சார்."

"கம்பு வரல, கம்பு வரலன்னு கிளிப்பிள்ளை மாதிரி! இவங்களுக்கு என்ன தெரியும்? உங்க மேஸ்திரி நம்பர் குடு."

கொடுத்தாள். அவர் பேசிவிட்டுப் போனை அவளிடமே நீட்டினார். மேஸ்திரியின் குரல் அரக்கப் பரக்க வந்தது. "எனக்கு மேல இருந்து மூணு பேர் கூப்பிட்டுட்டாங்கம்மா. பாத்து மெதுவா போகச் சொல்லி விட்டுடு. நான் சொல்றேன், விட்டுடு."

போனைத் திருப்பிக் கொடுத்தாள். பொறுப்பு இனி அவள் தலையில் இல்லை. மேஸ்திரியே சொல்லிவிட்டார். கொடியை இறக்கினால் போதும், மகள் கேட்டுக்குள் நுழைந்துவிடுவாள். கொடி பாதி இறங்கியும் விட்டது. வேன் டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

உள்ளே யாரோ இருக்கிறார்களே என்று அவளுக்குப் பட்டது அப்போதுதான். அந்தக் கம்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் வந்துகொண்டிருக்கிறார். இந்தக் கம்பு போய்ச் சேராமல் எதிர்முனையில் ஒரு வண்டியையும் விடமாட்டார்கள் என்கிற ஒரே நம்பிக்கையில் வருகிறார். அவருக்கு இவள் முகம் தெரியாது. இவள் நல்லவளா கெட்டவளா, மகள் உண்டா, மகளுக்குப் பரீட்சை உண்டா, ஒன்றும் தெரியாது. கொடியைத் திரும்பத் தூக்கினாள். தூக்கியதோடு விடாமல், வேனுக்கு முன்னால் போய் நடுரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

வரிசை மொத்தமும் கத்தியது. மகள் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அம்மா, எழுந்திரு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டி."

"கேட்ட மூடிருவாங்கம்மா."

"தெரியும்."

"தெரிஞ்சும் உக்காந்திருக்கியா? மேஸ்திரியே விடச் சொல்லிட்டாரு. உனக்கு மட்டும் என்ன?" குரல் உடைந்தது. "நீ எனக்கு அம்மாவா, அந்தக் கட்டைக்கு அம்மாவா?"

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது அவளுக்கு. பதில் சொன்னால் அழுதுவிடுவாள், அழுதால் எழுந்துவிடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு தார் ரோட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மகள் போய் வேனில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். அதற்குப் பிறகு அந்த ஜன்னல் பக்கம் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எவ்வளவு நேரம் போனதோ. வளைவில் ஒருவர் ஓடி வந்தார். காக்கிச் சட்டை, தோளில் பை, பஸ் கண்டக்டர். தூரத்திலிருந்தே இரண்டு கையையும் ஆட்டினார்.

"விட்டுடாதீங்க! யாரையும் விட்டுடாதீங்க!"

பக்கத்தில் வந்து, முட்டியைப் பிடித்துக் குனிந்து, மூச்சு வாங்கியபடியே சொன்னார். மூன்றாவது வளைவில் ரோடு சரிந்துவிட்டது. பஸ்ஸுக்குச் சற்று முன்னால், கண்ணெதிரே, புதுச்சுவரோடு சேர்த்து மடமடவென்று பள்ளத்தில் போய்விட்டது. மலையோரம் ஓர் ஆள் நடக்கிற அகலம்தான் மிச்சம். "இங்கிருந்து வளைவுல திரும்பினா பக்கத்துல போறவரைக்கும் தெரியாதும்மா. ஒரு வண்டி வந்திருந்தாலும் நேரா கீழதான்." டிரைவர் பஸ்ஸைப் பின்னாலேயே எடுத்துக்கொண்டு அந்த முனைக்குப் போகிறாராம்; அந்தப் பக்கம் போக வேண்டியவர்கள் நடந்து வந்தால் ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். இந்தப் பக்கம் வர வேண்டிய பயணிகள் இறங்கி நடந்து வருகிறார்கள்.

ஆரன் சத்தம் அடங்கிவிட்டது. கார் முதலாளி தன் காரின் மூக்கையும் வளைவையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் திரும்பி வேனைப் பார்த்தாள். வேன்தான் முதல் வண்டி. வேனில் ஜன்னலோரம் மகள். அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

"கம்பு எங்க?" என்றுதான் அவள் வாயில் வந்தது.

"பின்னாடி வருதும்மா" என்றார் கண்டக்டர், அதில் என்ன சந்தேகம் என்பது போல. "கடைசி ஆளுகிட்ட இருக்கணும்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்."

வளைவில் ஆட்கள் தெரிய ஆரம்பித்தார்கள். துணிப்பையைத் தலையில் வைத்த பெண்கள், தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்ட ஒருவன், முகமெல்லாம் புழுதியோடு இரண்டு கல்லூரிப் பெண்கள். அவர்களுக்குப் பின்னால் அந்தச் சிவப்புத் துணி தெரிந்தது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கையில் அது இருந்தது. அவர் நடந்து வந்துகொண்டே திரும்பிப் பார்த்தார். நின்றார். பின்னால் கூடை தூக்கிய ஒரு பெண் வரும்வரை காத்திருந்து, கம்பை அவள் கையில் கொடுத்துவிட்டு முன்னே நடந்தார். கூடைக்காரி கொஞ்ச தூரம் வந்தாள், திரும்பிப் பார்த்தாள், நின்றாள். வளைவில் இன்னொருவர். அவர் கையில் கொடுத்தாள். அவரும் நின்றார். ஆட்கள் முன்னால் வர வர, கம்பு பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. உயிர் பிழைத்து வருகிறவர்கள்! ஓட்டமாக ஓடி வந்து சேரவேண்டும் என்றுதானே யாருக்கும் இருக்கும்? ஒவ்வொருவரும் நின்று, தனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கைமாற்றினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். வேனிலிருந்து இறங்கி மகள் எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்பதுகூட அவளுக்குத் தெரியாது.

கடைசியாக வந்தது, கால் வீங்கிய ஓர் அம்மாள். செருப்பை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறுகையில் கம்பை ஊன்றி ஊன்றி வந்தாள். யாரிடம் கொடுக்கவேண்டும் என்று கொடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டு, நேரே அவளிடம் வந்தாள்.

"இந்தாம்மா. எனக்குப் பின்னாடி யாரும் இல்ல. நல்லா திரும்பித் திரும்பிப் பாத்துட்டேன்."

அவள் எழுந்து அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "அட, என்னத்துக்கு அழுவுறே, கால் வலி எனக்குத்தானே" என்று அந்த அம்மாள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தபோது மகள் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்து, நேரத்தைப் பார்த்து, சொல்லாமலே வளைவை நோக்கி ஓடினாள். "மலையோரமா போ! பள்ளத்தப் பாக்காத!" என்று கண்டக்டர்தான் கத்தினார். வரிசையில் நின்றவர்களில் அந்தப் பக்கம் போயே ஆகவேண்டியவர்கள் ஒவ்வொருவராக இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள். ஒற்றை ஆள் அகலத்தில் எதிரும் புதிருமாக யாரும் மாட்டிக்கொள்ளக்கூடாது. கம்பு போய்ச் சேர்ந்தாகவேண்டும். அவள் யாரிடம் கொடுப்பது என்று பார்த்தாள். கார் முதலாளி சாவியை வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டு வந்து கையை நீட்டினார்.

"குடும்மா. இந்த உடம்ப வச்சுக்கிட்டு எப்படியும் நாந்தான் கடைசி."

கம்பை வாங்கி ஊன்றிக்கொண்டு நடந்தார். மகள் எப்போதோ வளைவைத் தாண்டி மறைந்துவிட்டிருந்தாள். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார்!" என்று கூப்பிட்டாள். அவர் நின்றார். "மொதல்ல போகுதே, என் பொண்ணு. பதட்டப்படாம எழுதச் சொல்லுங்க."

அவர் முன்னால் பார்த்தார். அந்தப் பெண்ணை அவரால் எங்கே எட்டிப்பிடிக்க முடியும்? தனக்கு முன்னால் போனவரைக் கைதட்டிக் கூப்பிட்டார். "ஹலோ, முன்னாடி போற பொண்ணுகிட்ட பதட்டப்படாம எழுதச் சொல்லுங்க. அவங்கம்மா சொன்னாங்க."

"எந்தப் பொண்ணு?"

"கொடியக்கா பொண்ணுங்க!"

அவர் தனக்கு முன்னால் போனவரிடம் சொன்னார். அவர் அதற்கு முன்னால் போன பெண்ணிடம். "பதட்டப்படாம எழுதணுமாம்." "அம்மா சொன்னாங்களாம்." ஆண் குரலிலும் பெண் குரலிலும் அவளுடைய வார்த்தை அவளை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. வளைவில் கடைசியாகத் தெரிந்த நீலச் சட்டைக்காரர் வாயைக் குவித்து அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார். அதற்குமேல் கேட்கவில்லை.

எல்லாரும் நடந்துகொண்டிருந்தார்கள். அவள் கொடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது வளைவில் இருந்த நீலச் சட்டைக்காரர் நின்றார். அந்தப் பக்கம் காது கொடுத்துக் கேட்டார். திரும்பி, பின்னால் வந்தவளிடம் சிரித்தபடி ஏதோ சொன்னார். அவள் திரும்பினாள். அவளுக்குப் பின்னால் வந்தவர் திரும்பினார். ஒவ்வொரு தலையாக இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தது. கடைசியில் கார் முதலாளி காதைக் கொடுத்துக் கேட்டு, கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அவளைப் பார்த்து இரண்டு கையையும் வாயருகே குவித்தார்.