இரண்டு கோயில்களில் செவ்வரளி

சத்யபிரியா இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்து மடித்திருந்தாள். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு வைப்பதுதான் முறை. வெள்ளை வந்தால் சாமியின் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். சேந்தமங்கலத்தில் பெண் வீட்டாரும் திருச்செங்கோட்டில் மாப்பிள்ளை வீட்டாரும் வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு அவரவர் குலதெய்வத்திடம் பூப்போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. எடுத்து முடிக்கும்வரை போன் பேசக் கூடாது. இயற்பியல் ஆய்வேட்டை முடிக்க அவளுக்கு இன்னும் நான்கு மாதம் வேண்டும். வெள்ளை வந்தால் அடுத்த மாதமே கல்யாணம், படிப்பைத் தலைமுழுக வேண்டியதுதான். சாமியையே ஏமாற்றுகிறோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அண்ணன் மகள் கனிஷ்கா ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சிவப்பு. அப்பா நாச்சிமுத்துவின் முகம் தொங்கிப்போனது.

ஐந்தாவது நிமிடம் மாப்பிள்ளையின் அம்மா வசந்தாமணி அப்பாவின் போனுக்குக் கூப்பிட்டார். அங்கேயும் சிவப்புதானாம். தப்பித்தோம் என்று இவள் மூச்சு விடுவதற்குள் ஸ்பீக்கரில் குரல் தொடர்ந்தது.

"ரெண்டு கோயில்லயும் ஒரே வாக்குங்க. இப்படியொரு பொருத்தம் யாருக்கு அமையுமுங்க? வார வெள்ளிக்கெழம இன்னொருக்கா கேட்டுப் பாத்தரலாமுங்க."

அப்பா வாயெல்லாம் பல்லாக ஆமோதித்தார். வேண்டாம் என்ற வாக்கை விட்டுவிட்டு, அது ஒத்துப்போனதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சேலத்தில் நான்கு வருடமாக ஆய்வில் அவள் மல்லுக்கட்டுவதும் இதே சங்கதியோடுதான். தூரத்தில் இருக்கும் இரண்டு துகள்கள், எந்தச் சேதியும் பரிமாறாமல், முன்கூட்டிப் பேசிவைத்தாலும் வராத அளவுக்கு ஒத்துப்போகின்றன. அதே ஒற்றுமையை இரண்டும் பேசிக்கொண்டு வரவழைப்பதானால் எவ்வளவு பேச வேண்டும்? மிக எளிய கணக்கில், ஒரே ஒரு 'ஆமாம்' அல்லது 'இல்லை' போதும். ஆனால் அந்த ஒற்றுமையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சேதிகூட அனுப்ப முடியாது.

அங்கே வந்த சிவப்பு வெறும் தற்செயலாகவும் இருக்கலாம். இல்லை, மாப்பிள்ளை நவநீதகிருஷ்ணனும் இரண்டு பொட்டலத்திலும் சிவப்பையே வைத்தானா? பெண் பார்க்க வந்த அன்று அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "படிப்பு முடிய எத்தன நாளாகுமுங்க?" நான்கு மாதம் என்றதும் தலையசைத்தான். அவளுக்காக வைத்தானா, அவளைப் பிடிக்காமல் வைத்தானா? பிடிக்காமல்தான் என்று நினைத்தபோது சுருக்கென்றது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

காருக்குப் பின்னால் போய், பெண் பார்த்த அன்று ஒருவருக்கொருவர் வாங்கிக்கொண்ட எண்ணில் அவனை அழைத்தாள். வேறொரு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக்குரல் சொன்னது. மறுபடி அழைத்தாள், அதே குரல். அவனும் இதே நேரத்தில் அவளைத்தான் அழைத்துக்கொண்டிருக்கிறானோ என்று தோன்ற, அழைப்பதை நிறுத்தி அவனுக்கு வழிவிட்டுக் காத்திருந்தாள். ஒரு நிமிடம் போனது, இரண்டு போனது. போன் அடிக்கவேயில்லை. அவனும் இப்போது வழிவிட்டுக் காத்திருக்கிறானோ என்னவோ.