காலேப்பின் அளவு

முழங்காலை அழுத்தக் குனிந்த தச்சன் சிட்டிபாபுவின் மணிக்கட்டை தபிதா எட்டிப் பிடித்தாள்.

"கையை எடுப்பா! இன்னா பண்றே?"

சிட்டிபாபு கையை விலக்கிக்கொண்டான். "மேடம், பாடி பெட்டியில எறங்கலை. முட்டி ரெண்டும் மேல நிக்குது. மூடி போட முடியாது. சார்தான் கொஞ்சம் அமுக்கிப் பாக்கச் சொன்னாரு."

சார் என்றது தபிதாவின் பெரியண்ணன் ஜெயச்சந்திரனை. தகவல் கேட்டு குவைத்திலிருந்து விமானம் ஏறி, சென்னையில் கார் பிடித்து, விடிகாலையில்தான் சித்தூரில் இருக்கிற பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தான். பெட்டிக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கிடந்தவன் சின்ன அண்ணன் காலேப். சளி நெஞ்சில் இறங்கி இரண்டே நாளில் போய்விட்டான். அவனைக் குளிப்பாட்டிய தண்ணீரைக் கொல்லையில் கொட்டிவிட்டு வருவதற்குள் இந்தக் கூத்து.

"ஏண்ணா, நான் அந்தாண்ட போற வரைக்கும் பாத்துக்கினு இருந்தியா?"

ஜெயச்சந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாலு மணிக்கு அடக்கம் தபி. பெட்டி இதுதான். வேற இன்னா செய்யறது?"

பெட்டி அருமையான பெட்டி, குறை சொல்ல முடியாது. தேக்கு. பித்தளைப் பிடி. விமானம் ஏறுமுன் ஜெயச்சந்திரனே சிட்டிபாபுவுக்குப் போன் போட்டு அளவு சொன்னது. ஆறடிக்கு ரெண்டு அங்குலம் கம்மி என்றானாம். அது தொண்ணூற்று இரண்டில், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இவன் பயணப் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு வந்து வழியனுப்பிய காலேப்பின் உயரம். அதற்கு அடுத்த வருஷம் வாதம் பிடித்தது. முதலில் இடுப்பு, பிறகு முதுகு, பிறகு முட்டி. உட்கார்ந்திருக்கிற ஆளின் கீழிருந்து நாற்காலியை மட்டும் உருவி எடுத்த மாதிரி உடம்பு அப்படியே இறுகிவிட்டது. லீவில் வந்தபோதெல்லாம் ஜெயச்சந்திரன் அவனைப் பார்த்தவன்தான், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். ஆனாலும் அளவு என்று கேட்டதும் வாயில் வந்தது அந்த நின்றிருந்த காலேப்பின் அளவு. என்ன சொல்ல!

சாவு வீட்டில் யோசனை சொல்லவா ஆளுக்குப் பஞ்சம்? ஞானமணி அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே ஆரம்பித்தாள். "சுடுதண்ணி ஊத்தி மெதுவா நீவினா நீண்டுக்கும்டி. எங்க மாமனாருக்கு அப்பிடித்தான் செஞ்சோம். பாவம், இருந்த வரைக்கும்தான் மடங்கிக் கெடந்தான். போற அன்னிக்காச்சும் நேரா போவட்டும்."

"அத்தே, இது விறைப்பு இல்ல. எலும்பும் எலும்பும் ஒட்டிக்கினு இருக்குது. நீவினா நீளாது. ஒடைச்சாத்தான் நீளும். ஒடைக்கட்டுமா, சொல்லு?"

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பாஸ்டர் சத்தியநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அடுத்து பலமனேரில் ஒரு ஜெபக்கூட்டம் இருந்தது. "தபிதாம்மா, மனச வருத்திக்காதே. நம்ம காலேப் பரலோகத்துல நிமிர்ந்து நடப்பான். அந்த நம்பிக்கையோட..."

"அங்க நடக்கட்டும் பாஸ்டரய்யா, வேணாம்னு யார் சொன்னது? இங்க நம்ம கையால ஒடைச்சி அனுப்பணும்னு இன்னா அவசரம்?"

பாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

இப்படிச் சட்டென்று பதில் வருவது தபிதாவுக்குத் தொழிலால் வந்த பழக்கம். வேலூரில் அவள் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. அது வாயில் நுழையாத சொந்தக்காரர்கள் 'கை கால் புடிச்சி உடுற படிப்பு' என்றார்கள். இப்போது திருப்பதியில் ஓர் ஆராய்ச்சியில் வேலை. தீராத நோயோடும் முடங்கிய கைகாலோடும் இருப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். என்ன வியாதி என்று கேட்பது டாக்டரின் வேலை. இவள் கேட்பது வேறு: காலையில் எழுந்தால் என்னென்ன செய்வீர்கள், அதை எப்படிச் செய்வீர்கள், எதைச் செய்ய முடியவில்லை என்று மனசு அடித்துக்கொள்கிறது? வரதய்யபாளையத்தில் ஒரு கை விழுந்துபோன அம்மாள், வெங்காயத்தைக் கதவிடுக்கில் வைத்து உரித்துக் காட்டினாள். பழையபடி ஆக்கிவிடு என்று இவளிடம் கேட்டவர்கள் குறைவு. தானே கக்கூஸ் போய்வர ஒரு வழி சொல்லு என்றவர்கள்தான் அதிகம். கேட்கக் கேட்க, தன் வேலை மனிதரை நிமிர்த்துவதல்ல, அவருடைய நாளை அவர் கையில் கொடுப்பது என்பதில் தபிதாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

காலேப்பும் அவளும் திருச்சானூரில் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தாயார் கோயிலுக்குப் போகிற வழியில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து, ரப்பர் மாட்டிய குச்சியால் நம்பரைத் தட்டி, கும்பிட வந்த ஜனங்களுக்கெல்லாம் ஊருக்கு லைன் போட்டுக் கொடுத்தான். செல்போன் வந்து பூத் வியாபாரம் படுத்ததும், அதே குச்சியால் ரீசார்ஜ் போட ஆரம்பித்தான். தூக்கம் மட்டும் எப்போதும் ஒருக்களித்துத்தான்.

ஜெயச்சந்திரன் கூடத்துக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"உனக்கு ஒண்ணு தெரியாது தபி. அவன் என்னைக் கேட்டான். போன்ல. 'அண்ணா, ஒரே ஒரு ராத்திரி மல்லாக்கப் படுத்துத் தூங்கணும்'னு கேட்டான். நான் இன்னா சொல்லுவேன்? அழுதுக்கினே போனை வெச்சிட்டேன். உசுரோட இருக்கறப்ப முடியலை. இன்னிக்காவது அவனை மல்லாக்கப் படுக்க வெக்கணும்."

இது தபிதாவுக்கு உண்மையிலேயே தெரியாது. அவளிடம் சொல்லாததை அவன் குவைத்துக்குச் சொல்லியிருக்கிறான். அப்படியானால் இவ்வளவு நேரம் தான் பிடித்த பிடிவாதம் யாருக்காக? காலேப்பின் மூடிய முகத்தைப் பார்த்தாள். அது ஒத்தாசைக்கு வரவில்லை.

ஆனால் யார் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி கேட்டுப் பழகிய வாய் அது.

"எப்போ கேட்டான்?"

"அது... தொண்ணூத்தஞ்சோ ஆறோ."

"அப்புறம்?"

ஜெயச்சந்திரன் யோசித்தான். "அப்புறம் கேக்கலை."

"பத்து வருஷமா வாரா வாரம் உன்கிட்ட பேசினான். ஒரு தடவைகூட கேக்கலை, இல்ல? இப்ப நான் சொல்றேன், கேளு. பூத் கதவை அகலமாக்கணும்னான். தண்ணிக் கொழாயைக் கீழ எறக்கணும்னான். தானே ஷேவ் பண்ணிக்கணும்னு ரேசருக்கு நீளமா ஒரு பிடி போட்டுக்கினான். நம்ம அத்தை பொண்ணு கல்யாணத்துல எல்லாரோடவும் பந்தியில உக்காந்து துன்னணும்னான். அவனுக்கு ஏத்தாப்புல மேசையை ஒசத்திப் போட்டு, மூணு தடவை பிரியாணி வாங்கித் துன்னான். அத்தே, ஆமாவா இல்லியா?"

"நாலு தடவைடி," என்றாள் அத்தை, அழுகைக்கு நடுவே.

"அவன் ஆசை மாறிப்போச்சிண்ணா. உன் காதுக்குத்தான் மாறலை. முட்டியை ஒடைச்சி நீட்டினா, இதுல படுக்கறது ஏர்போர்ட்டுக்கு வந்தானே, அந்தப் பையன். அவன் எப்பவோ போயிட்டான். இவன் நாப்பது வயசு ஆளு. இவனுக்குப் பெட்டி செய்யணும்."

ஜெயச்சந்திரன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

"நான் அவனுக்கு இன்னாடி செஞ்சேன்? ஒரு நாள் குளிப்பாட்டி உட்டதில்ல. ஒரு நாள் தூக்கி உக்கார வெச்சதில்ல. பெட்டியாவது நல்லா செய்யணும்னு நெனைச்சேன். அதையும் தப்பா சொல்லிட்டேன்."

தபிதாவுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அழுதால் நாலு மணி ஆகிவிடும். அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்ப செய்யி. எழுந்திரு. சிட்டிபாபு, நீளத்துல ரெண்டடி வெட்டு. வெட்டின பலகையைப் போட்டு அகலமாக்கு, மூடியையும். ஒருக்களிச்சிப் படுக்கற மாதிரி."

"அய்ய பாபோய்! தேக்கு மேடம். பாலிஷ்கூட காயலை."

"காயலைன்னா நல்லதுதான். அறுத்த எடத்துலயும் சேத்துப் பூசிடலாம். டேப்பை எடு."

அவளே அளந்தாள். உச்சியிலிருந்து இடுப்பு, முதுகிலிருந்து முட்டி, முட்டியிலிருந்து குதிகால். வீடு வீடாகப் போய் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் அளவெடுக்கிற அதே குரலில் அங்குலங்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். குதிகாலுக்கு வந்தபோது எண் வரவில்லை, அழுகைதான் வந்தது. ஜெயச்சந்திரன் குனிந்து டேப்பைப் பார்த்து மீதியைச் சொன்னான்.

வாசலில் ரம்பச் சத்தம் கேட்டதும் தெருவே கூடிவிட்டது. சவப்பெட்டியை அறுக்கிறார்கள் என்றால் சும்மாவா? ஜெயச்சந்திரன் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான். கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் ஓடி, குழியைப் பக்கவாட்டில் இன்னும் வெட்டச் சொல்லிவிட்டு வந்தான். பாஸ்டர் பலமனேருக்குப் போன் செய்து, தாமதமாகும் என்று தாமாகவே சொன்னார்.

பெட்டி தயாரானபோது அது பெட்டி போலவே இல்லை. சின்னக் கட்டில் மாதிரி, அகலமாக, ஒட்டுத் தெரிய இருந்தது. மணி நாலைத் தாண்டிவிட்டது.

"தூக்கணும். நீயே தூக்குண்ணா," என்றாள் தபிதா. "கழுத்துக்குக் கீழ ஒரு கை, தொடைக்குக் கீழ ஒரு கை. இழுக்காதே. மொத்தமா எடு."

ஜெயச்சந்திரன் குனிந்து, அவள் சொன்னபடியே எடுத்தான். மடங்கின உடம்பு அவன் நெஞ்சோடு சரியாகப் பொருந்தி வந்தது. ஒரு கணம் அப்படியே நின்றான்.

"இவ்ளோ லேசா இருக்கான் தபி."

இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். தலையணைக்கு மேலே தலை, பலகையில் முட்டாமல் முட்டி, பின்னால் பாதம். எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. சிட்டிபாபு மூடியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இரு இரு," என்றான் ஜெயச்சந்திரன். காலேப்பின் இரண்டு முட்டிகளும் ஒன்றின்மேல் ஒன்று எலும்பாகப் பட்டுக்கொண்டிருந்தன. தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து நடுவில் சொருகினான். விரலை விட்டுப் பார்த்தான். பிறகு தங்கையைப் பார்த்தான்.

"இப்பிடி வெச்சா நோவுமாடி?"

தபிதா பெட்டியின் பக்கத்தில் மண்டியிட்டு, இரண்டு முட்டிக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தாள்.

"இன்னொரு மடிப்பு வெய்யிண்ணா," என்றாள்.

ஜெயச்சந்திரன் துண்டை வெளியே எடுத்து, உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தான். சிட்டிபாபு மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தான்.