பெரட்டில் யாரும் இல்லை

காலை ஐந்தே முக்காலுக்கு மருந்துக் கொட்டகையில் ஒரே ஒரு விளக்குதான் எரியும். அதன் கீழே இருபத்து மூன்று பெண்கள் வரிசையாக வந்து, பீப்பாயிலிருந்து களைக்கொல்லியை மொண்டு, தண்ணீர் விட்டுக் கலக்கி, தங்கள் பொம்புகளில் ஊற்றிக்கொள்வார்கள். பொம்பு என்பது முதுகில் மாட்டிக்கொண்டு மருந்து அடிக்கும் கருவி. நிறைத்தால் பதினெட்டு லிட்டர். ஒருத்தி குனிந்து நிற்க, இன்னொருத்தி தூக்கி ஏற்றிவிட வேண்டும். வார் தோளில் இறங்கும்போது 'ம்ம்' என்று ஒரு மூச்சு வெளியே வரும். அந்த மூச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். என் அம்மா சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் பதினாறு வருஷம் பொம்பு சுமந்தவள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் "பாவம், தெரியாமல் செய்துவிட்டான்" என்று எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் பெயர் தீபன். மலேசியாவில், ஈப்போ நகரத்தில் கணினி கன்சல்டன்ட். ஒரு கம்பெனியின் கடிதம், கோப்பு, ஆட்களின் பேச்சு எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து, ஒரு சொல்லைத் தட்டினால் சம்பந்தப்பட்டதெல்லாம் வந்து நிற்கும்படி செய்வது என் தொழில். ஆயர் தாவாருக்கு அப்பால், பாமாயிலுக்காகச் செம்பனை வளர்க்கும் இந்தத் தோட்டத்தின் முதலாளி முத்துராமன் என்னை அமர்த்தினார். ஆளுக்கொரு போனில் கம்பெனி ஆப்பை ஏற்றிக்கொடுத்தேன். பெரட்டு என்று தோட்டத்தில் சொல்கிற காலை ஆள் கணக்கெடுப்புகூட அதில்தான். முன்பெல்லாம் பெயர் கூப்பிடுவார்கள். இப்போது அவரவர் போனில் 'வந்தேன்' என்ற பட்டனை அழுத்தினால் ஈப்போ ஆபீஸில் எண்ணிக்கை ஏறும்.

அந்தப் பெண்கள் எழுத மாட்டார்கள். பட்டனை அழுத்திப் பேசிவிடுவார்கள். பேச்சை எழுத்தாக்கித் தேடும் வசதி என் மென்பொருளில் இருந்தது. ஆனால் அதற்குத் தோட்டத்துத் தமிழ் தெரியவில்லை. லயம் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை, கிராணி என்றால் கணக்கர் என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நான் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை லயத்து மரத்தடியில் உட்கார்ந்து அவர்களையே கேட்டுக் கேட்டு இருநூற்றுப் பதினான்கு சொற்களுக்குப் பட்டியல் போட்டேன். தேநீரும் பலகாரமும் அவர்கள் செலவு.

"மட்டம் போடுறது, எழுதிக்கிட்டியா தம்பி?" என்றாள் மங்களம். அந்தக் குழுவில் எல்லோரும் எதற்கும் அவளைத்தான் முதலில் கேட்பார்கள்.

"எழுதிட்டேன்கா."

"பக்கத்துல செல்லாயி பேரையும் போட்டுக்க லா."

"தொரை பங்களாவக் கூட்டிப் பெருக்கப் போறது உனக்கு மட்டமா?" என்று செல்லாயி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். மேனேஜர் சிவபிரகாசத்தைத்தான் அவர்கள் தொரை என்பார்கள். செல்லாயி வாரம் இரண்டு நாள் அவருடைய வீட்டைச் சுத்தம் செய்யப் போவாள்.

பெண்களுக்கென்று ஆப்பில் தனியாக ஒரு குரூப் இருந்தது. மங்களம் அன்றைக்கே கேட்டாள். "இதுல நாங்க பேசுறது ஆபீஸ்ல கேக்குமா தம்பி?"

"கேக்காதுகா. இது உங்க வீட்டு அடுப்படி மாதிரி. வெளியாளு நுழைய முடியாது."

சொன்னேன், வாய் கூசாமல் சொன்னேன். தனிக் குரூப்புகளையும் தேடலில் சேர்க்கலாமா என்று ஒரு கட்டம் உண்டு. என் சொற்கள் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்க அதில் 'சரி' போட்டிருந்தேன். தோட்டத்துப் பேச்சு பொங்கி வழிந்தது அங்கேதான். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தியான காளியம்மாவின் பொம்பு ஒழுக ஆரம்பித்தது. சாமான்கள் கேட்பதற்கென்று இருந்த ஸ்டோர் குரூப்பில் அவள் மூன்று முறை பேசி அனுப்பினாள். சிவபிரகாசம் மூன்றையும் கேட்டதற்கு ஆப்பில் அடையாளம் இருக்கிறது. புதுப் பொம்பு வரவில்லை. ஐந்தாவது வாரம் குழாய் வெடித்து மருந்து முகத்தில் அடித்தது. வாய்க்கால் தண்ணீரில் முகத்தைக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இடது கண்ணில் இப்போது வெளிச்சம் மட்டும்தான் தெரிகிறதாம்.

ஆபீஸ் அறிக்கை என் தேடலுக்குள் வந்து விழுந்தது. 'தொழிலாளி பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை. கருவியைப் பற்றி முன்பு எந்தப் புகாரும் இல்லை.' படித்தேன். அந்த மூன்று குரல் செய்திகளும் இரண்டு வரி கீழே கிடந்தன. அடுக்குவதுதானே என் வேலை என்று அடுக்கிவிட்டு எழுந்து போய் மதியச் சோறு சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஈப்போ ஆபீஸில் முதலாளிக்கு எல்லாவற்றையும் செய்து காட்டும் நாள். முத்துராமன் அதட்டிப் பேசுகிற ஆள் இல்லை. தாத்தா காலத்தில் காரைக்குடிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழ்ப்பள்ளி விழாவில் முதல் வரிசை நாற்காலி அவருக்கு.

"நம்ம தோட்டத் தமிழெல்லாம் இதுக்குப் புரியுமா தம்பி?"

"எந்தச் சொல்ல வேணும்னாலும் சொல்லுங்க சார்."

"பெரட்டு."

தட்டினேன். முதல் வரியாக வந்தது மங்களத்தின் குரல், முந்தைய நாள் மாலை பேசியது. அழுத்தினேன். சுவரிலிருந்த பெரிய திரையிலிருந்து அவள் பேசினாள்.

"திங்கக்கெழம எல்லாரும் பெரட்டுக்கு வந்துருங்க. ஆனா பொம்பத் தூக்கக்கூடாது. புதுப் பொம்பு வர்ற வரைக்கும் ஒருத்தியும் தூக்கக்கூடாது. காளியம்மா கண்ணுக்கு யாரு பதில் சொல்றது?"

"இன்னொரு தடவ போடுங்க," என்றார் முத்துராமன். அவர் கேட்டார், நான் அழுத்தினேன். நிறுத்தியிருக்கலாம், கம்பியைப் பிடுங்கியிருக்கலாம், கோளாறு என்று பொய்யாவது சொல்லியிருக்கலாம். விரல் தானாகப் போய் அழுத்தியது.

"பிரமாதமா வேலை செய்யுது தம்பி," என்றார்.

அந்த ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது. சந்தோஷப்பட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

சனிக்கிழமை மதியம் மங்களம் கூப்பிட்டாள். "தம்பி, ஆப்புல ஏதோ கடுதாசி வந்திருக்கு. எல்லாம் இங்கிலீஷ். உனக்கு அனுப்புறேன், படிச்சுச் சொல்லேன்."

அவளை வேலையிலிருந்து நீக்கியிருந்தார்கள். வேலையோடு சேர்ந்தது லயத்து வீடு. பதினான்கு நாளில் காலி செய்ய வேண்டும். காரணமாக அவளுடைய பேச்சை வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தார்கள். 'பெரட்டு' என்ற சொல் மட்டும் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் நான் பட்டியலில் எழுதிக்கொடுத்த அர்த்தம்.

படித்துச் சொன்னேன்.

"அடுப்படியில பேசுனது எப்படிப் போச்சு தம்பி? எல்லாரும் செல்லாயியச் சொல்றாங்க. பங்களாவுக்குப் போறவ அவதானே. எனக்கும் அப்படித்தான் படுது."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்கா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கணினியைத் திறந்து அந்தக் கட்டத்திலிருந்து 'சரி'யை எடுத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்ற பழமொழி வாய்வரைக்கும் வந்தது. காளியம்மா நினைவுக்கு வந்தாள், விழுங்கிக்கொண்டேன். கோடாலிக் காம்பு என்று ஊரில் திட்டுவார்கள். காட்டிலிருந்து வெட்டிய மரம், அதே காட்டை வெட்டப் போகும். சின்ன வயதில் அதை எத்தனையோ பேரைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை இருட்டோடு கிளம்பினேன். நான் போய்ச் சேர்ந்தபோது கொட்டகை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் நின்றார்கள், ஆனால் ஒன்றாக நிற்கவில்லை. நாலைந்து பேர் ஏற்கனவே பொம்பில் மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கடிதம் யாருக்கோ என்ற பயம். மங்களம் ஓரமாக. செல்லாயி எல்லோரையும் விட்டுத் தனியாகத் தண்ணீர்த் தொட்டிக்கு அருகே.

"நான்தான்," என்றேன். யாருக்கும் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "நீங்க பேசுனத முதலாளிக்குப் போட்டுக் காட்டுனது நான்தான். செல்லாயி அக்கா இல்ல."

கட்டம், பட்டியல், திரை, இரண்டாம் தடவை அழுத்தியது, எதையும் விடாமல் சொன்னேன்.

செல்லாயி மெதுவாக நடந்து வந்தாள். "ரெண்டு நாளா லயத்துல ஒருத்தரும் என் மூஞ்சப் பாக்கல. நேத்து கோயில்ல திருநீறு வாங்குறப்ப என் பக்கத்துல நின்னவ தள்ளிப் போயிட்டா. நீ ஈப்போல உக்காந்துக்கிட்டு பேசாம இருந்திருக்க."

"ஆமாக்கா."

"அக்கான்னு சொல்லாத."

தலையைக் குனிந்துகொண்டேன். அடித்திருந்தால்கூடத் தேவலை. பொம்பில் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். மங்களம் செல்லாயியிடம் போனாள். என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. அவள் கையைப் பிடித்து வரிசைக்குக் கூட்டிவந்தாள். பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"உன் அழுகைய அப்புறம் வச்சுக்க. நாங்க பேசுனதெல்லாம் அதுல தேடுனா வரும்ல?"

"வரும்."

"அப்போ பொம்பு ஒழுகுதுன்னு காளியம்மா சொன்னது?"

"மூணு தடவையும் இருக்கு. மேனேஜர் என்னிக்குக் கேட்டாருன்னும் இருக்கு. அது ஸ்டோர் குரூப். உங்க போன்லயே தேடலாம், நான் எடுத்துத் தர வேண்டியதில்ல."

"அழிச்சிட்டாங்கன்னா?"

"இப்பவே ஆளுக்கொண்ணா உங்க போன்ல எறக்கி வச்சிருங்க. லேபர் ஆபீஸ்ல கேட்டா, இது பொய்யில்லன்னு நான் வந்து சொல்றேன்."

"உன் வேல?"

"போவும்," என்றேன்.

போன்கள் வெளியே வந்தன. மங்களத்தின் போனில் ஆப் திறக்கவில்லை, அவளை வெளியேற்றியிருந்தார்கள். மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகச் சொல்லிக்கொடுத்தேன். செல்லாயி மட்டும் என்னிடம் கேட்காமல் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டுத் தேடினாள். குலை வெட்டும் வங்காளதேசத்து ஆட்கள் பதினொரு பேர் நீண்ட கம்பு அரிவாள்களோடு வந்து விவரம் கேட்டார்கள். மங்களம் மலாயில் நாலு வார்த்தை சொன்னாள். அவர்கள் கம்புகளைக் கொட்டகைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார்கள். வேலை பெர்மிட்டில் வந்தவர்கள், நம்மைவிட இழப்பதற்கு அவர்களுக்கு அதிகம் உண்டு. அதற்குள் ஊற்றிய மருந்தெல்லாம் பீப்பாய்க்கே திரும்பியிருந்தது.

ஆறே காலுக்குச் சிவபிரகாசம் வந்தார். "என்ன நிக்கிறீங்க? பட்டன அழுத்திட்டுக் கெளம்புங்க."

யாரும் அழுத்தவில்லை. அவர் கையிலிருந்த டேப்லெட்டில் நான் செய்துகொடுத்த திரை மின்னியது. வருகை: பூஜ்யம். அவருடைய போன் அடித்தது. அவசரத்தில் ஒலிபெருக்கி பட்டனை அழுத்திவிட்டார்.

"சிவா, என்னப்பா, ஒருத்தரும் வரலன்னு காட்டுது?" முத்துராமனின் குரல்.

"வந்திருக்காங்க. அழுத்த மாட்டேங்குறாங்க."

மங்களம் முன்னால் வந்தாள். "முதலாளி, நான் மங்களம் பேசுறேன்."

"கடுதாசி வந்திருக்குமே மங்களம். நீ இப்போ நம்ம ஆள் இல்லையே."

"ஆளா இருந்தப்ப பொம்பளைங்க பேச்ச ஒளிஞ்சு கேட்டீங்களே, அது என்ன நியாயம்?"

"அது கம்பெனி ஆப் அம்மா. அதுல பேசுறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்."

"சரி. அப்போ இதுவும் உங்க சொத்துதான். கேட்டுக்குங்க."

அவள் கையைக் காட்டினாள். முதலில் செல்லாயி தன் போனை அழுத்தினாள். பிறகு ஒருத்தி, இன்னொருத்தி. இருபதுக்கு மேற்பட்ட போன்களிலிருந்து, கொஞ்சம் முன்னும் பின்னுமாக, காளியம்மாவின் குரல் அந்த விடியலில் எழுந்தது.

"தொரை, என் பொம்பு ஒழுகுது. முதுகெல்லாம் எரியுது. வேற ஒண்ணு குடுங்க."

சிவபிரகாசம் தரையைப் பார்த்தார். குரல்கள் ஒவ்வொன்றாக முடிந்தன.

"புதுப் பொம்பு வரணும்," என்றாள் மங்களம். "காளியம்மா மேல தப்புன்னு எழுதுனத மாத்தணும். எனக்கு அனுப்புன கடுதாசியத் திருப்பி வாங்கணும். அதுவரைக்கும் தெனம் பெரட்டுக்கு வருவோம், இங்கயே நிப்போம்."

"பேசிப் பாக்கலாம். இப்போ அழுத்தச் சொல்லு."

"பேசிட்டு அழுத்துறோம்."

"சிவா, இதெல்லாம் இவங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தா? அந்தத் தீபனுக்குப் போன் போடு. சிஸ்டம் கோளாறுன்னு போட்டு எண்ணிக்கைய ஏத்தச் சொல்லு. ஆள் நிக்கிது, பூஜ்யம்னு காட்டுது."

சிவபிரகாசம் என்னைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். போனுக்கு அருகே போனேன்.

"கோளாறு இல்ல சார். சரியாத்தான் காட்டுது."

"தீபனா? நீ எங்க இருக்க?"

"பெரட்டுல நிக்கிறேன் சார்."

அவர் இணைப்பைத் துண்டித்தார். கொட்டகை ஓரத்தில் பொம்புகள் காலியாக வரிசையில் கிடந்தன. மங்களம் தன் இடத்துக்குப் போனாள். நான் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன். செல்லாயி என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் வரிசையில் அரை அடி தள்ளி நின்று இடம் விட்டாள்.

அங்கே போய் நின்றேன்.